அந்த ஒற்றை வரிக்குள் நீங்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் குழந்தை இல்லாத ஒரு பெண், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு கைப்பேசியை எடுத்து, நாகர்கோவிலில் உள்ள ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைத் திறக்கிறார். பெயர் கொடுக்கவில்லை, போன் நம்பர் கொடுக்கவில்லை, படிவம் எதையும் நிரப்பவில்லை. குழந்தையின்மை சிகிச்சை பற்றிய பக்கத்தை வாசித்துவிட்டு மூடிவிடுகிறார். மாமியாருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தை அனுப்பிவைத்த சர்வர், அனுப்பிய கையோடு ஒரு வரி எழுதிவைத்துவிட்டது.

அந்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

203.0.113.45 [14/ஜன/2026:23:41:07 +0530] குழந்தையின்மை-சிகிச்சை 200 18432 கூகுள்-தேடல் ஆண்ட்ராய்டு குரோம்

முதலில் வருவது ஐ.பி. முகவரி. (இங்கே தந்திருக்கும் எண், உதாரணம் காட்டுவதற்கென்றே உலக அளவில் ஒதுக்கப்பட்ட தொகுப்பைச் சேர்ந்தது, யாருடையதும் அல்ல.) அடுத்தது நாள், மணி, நிமிடம், விநாடி. பிறகு திறந்த பக்கத்தின் பெயர். 200 என்றால் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். 18432 என்பது அனுப்பிய தரவின் அளவு. எந்த வழியாக வந்தார், எந்தக் கருவியில் வந்தார் என்பது கடைசி. சில செயலிகளுக்குள்ளிருந்து திறந்தால் கைப்பேசியின் மாடல் எண்கூடச் சேர்ந்து வருவதுண்டு. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்கள் இதை யாரும் சொல்லாமலே எழுதும். உபுண்டு இயங்குதளத்தில் எதையும் மாற்றாமல் விட்டால், ‘லாக்’ எனப்படும் இந்தப் பதிவு பதினான்கு நாள் தங்கியிருக்கும். பழையது தானாக அழியும்.

இந்த வரி அந்தப் பெண்ணின் தனிநபர் தரவா, அல்லது ஓர் இயந்திரத்தின் கணக்கா? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் இனிமேல் சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும். இணையதளம் வைத்திருக்கும் மருத்துவமனை, கல்லூரி, நகைக்கடை, ஹோட்டல், கூட்டுறவுச் சங்கம் எல்லாருக்கும் இது பொருந்தும். கேரள எல்லையில் களியக்காவிளை முதல் கிழக்கே ஆரல்வாய்மொழி வரை இப்படித் தளம் வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பராமரிக்கும் இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ஐ.பி. நம்பர்தானே சார், அதுல யார் பேரு இருக்கு?”

பெயர் இல்லைதான். ஆனால் சட்டம் பெயரைக் கேட்கவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆறு ஆண்டு இழுபறி. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அந்த விதிகள் தந்த 18 மாத அவகாசம் 2027 மே மாதம் முடிகிறது. ஒரு தரவைக் கொண்டோ, அதைத் தொடர்புபடுத்தியோ ஒரு மனிதரை அடையாளம் காண முடியும் என்றால், அவரைப் பற்றிய அந்தத் தரவு தனிநபர் தரவு என்கிறது சட்டத்தின் இரண்டாம் பிரிவு. ஐ.பி. முகவரி என்ற சொல் அங்கே இல்லை. பக்கத்தில் இலங்கை 2022இல் இயற்றிய 9ஆம் இலக்கச் சட்டம், இணையவழி அடையாளக்குறிகளையும் வெளிப்படையாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஐரோப்பியச் சட்டமும் அப்படித்தான். நாம் மட்டும் இதை வாசிப்பவரின் விளக்கத்துக்கு விட்டுவிட்டோம்.

விளக்கம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தேசியத் தகவலியல் மையத்தின் கட்டமைப்பில் நடக்கும் மாவட்ட நிர்வாக இணையதளங்களின் அடிப்பகுதியில் ‘வலைத்தளக் கொள்கைகள்’ என்றொரு இணைப்பு இருக்கும். பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. அதில் வழக்கமாக இடம்பெறும் வாசகத்தின் சாரம் இது: பார்வையாளரின் ஐ.பி. முகவரி, உலாவி, இயங்குதளம், வந்த நாளும் நேரமும், பார்த்த பக்கங்கள் ஆகியவற்றைத் திரட்டுகிறோம். இந்த முகவரிகளை இன்னார் என்று தனிமனிதரோடு இணைத்துப் பார்க்க நாங்கள் முயல்வதில்லை. தளத்தைச் சேதப்படுத்தும் முயற்சி கண்டறியப்பட்டால் ஒழிய.

அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். தேவை வந்தால் ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பாவில் இந்த விவகாரத்தின் மிக முக்கியமான வழக்கு இந்தப் புள்ளியில்தான் தீர்மானமானது. ஜெர்மனியின் பைரேட் கட்சி அரசியல்வாதி பாட்ரிக் பிரையர், மத்திய அரசின் இணையதளங்கள் தன்னுடைய ஐ.பி. முகவரியைப் பதிந்துவைக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். சைபர் தாக்குதலைத் தடுக்கவே வைத்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் மாறும் அந்த எண் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது என்பது அரசுத் தரப்பு வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று தீர்ப்புச் சொன்னது. எண் தளத்திடம் இருக்கிறது, பெயர் இணைய நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சட்டப்படியான, நடைமுறையில் சாத்தியமான வழி தளத்துக்கு இருக்குமானால், அதன் கையில் அது தனிநபர் தரவுதான். அதே நேரம், தளத்தின் பாதுகாப்புக்காக அதைப் பதிந்துவைப்பதை முற்றாகத் தடுக்க முடியாது என்றும் சொன்னது.

அந்த அளவுகோலை நம்மூரில் வைத்துப் பார்ப்போம். இணைய நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் திருத்தியது. இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலம் ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாகியது. ஒரு காவல் ஆய்வாளர், குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் கேட்டால் இணைய நிறுவனம் பதில் தந்தாக வேண்டும். வழி இருக்கிறது, பெயர் இரண்டு ஆண்டு காத்திருக்கிறது. ஜெர்மனியில் பொருந்திய தர்க்கம் நமக்கு இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது. சர்வர் லாக் தனிநபர் தரவு என்றே நான் வாசிக்கிறேன்.

எதிர்வாதம் பலவீனமானது என்று சொல்லிவிட முடியாது. பழைய ஐ.பி. முகவரிகள் உலகில் போதவில்லை. ஆகவே கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை நிறுத்துகின்றன. குளச்சலில் மீன் ஏலத்தில் நிற்பவரும், தோவாளையில் பூ எடை போடுபவரும், குலசேகரத்தில் ரப்பர் பால் எடுப்பவரும் அந்த நேரத்தில் ஒரே எண்ணில் இணையத்தில் இருக்கலாம். எண்ணோடு, ‘போர்ட்’ எனப்படும் துணை எண்ணும் துல்லியமான நேரமும் இருந்தால்தான் ஆளைப் பிரித்தெடுக்க முடியும். சாதாரண சர்வர் லாக் அந்தத் துணை எண்ணை எழுதுவதே இல்லை.

ஆனால் இந்த வாதத்தின் அடித்தளம் கரைந்துகொண்டிருக்கிறது. புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6இல் பற்றாக்குறை கிடையாது. 2016இல் வந்த ஜியோ ஆரம்பத்திலிருந்தே அதில்தான் ஓடுகிறது. அந்த முறைக்கு மாறிய நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நிற்கிறது. அதில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனி முகவரித் தொகுதி. இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது அது மாறலாம், மாறும் வரை அந்தத் தொகுதி ஒரே ஒரு கைப்பேசியைத்தான் சுட்டும். கூட்டத்தில் மறைந்து நிற்கும் வசதி அங்கே இல்லை.

ஐ.பி. முகவரியை விட்டுவிட்டாலும் விவகாரம் முடிவதில்லை. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று சுமார் 6,50,000 பயனாளர்களின் தேடல் பதிவுகளை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வரிசையாகப் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஊர்ப் பெயர், உறவினரின் குடும்பப் பெயர், தனக்கும் தோழிகளுக்கும் இருந்த உடல் உபாதைகள்: தேடியவையெல்லாம் சேர்ந்து ஆளைக் காட்டிவிட்டன.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் கிடைத்த ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆராய்ந்தார், பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நிலம் விற்றது, கடன் வாங்கியது, வரி கட்டியது, மனிதர்களை அடிமையாக விற்றது என்று எல்லாம் கணக்குக்காக எழுதப்பட்டவை. எழுதியவர்களுக்கு அவை வெறும் கொடுக்கல் வாங்கல். இன்று படிப்பவர்களுக்கு அந்தக் காலத்தின் வீடுகளும் பட்டினியும் சாதியும் அவற்றிலிருந்துதான் எழுந்து வருகின்றன. நேரமும் செயலும் வரிசையாகப் பதிவாகிற எந்தக் கணக்கிலும் வாழ்க்கை தங்கிவிடும். ஓலை கரையானுக்குத் தப்பவேண்டியிருந்தது. சர்வரின் லாக்குக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

‘ஆளைச் சரியாகக் காட்டாத எண்ணுக்கு எதற்குப் பாதுகாப்பு’ என்று கேட்பவர்கள் 2007ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வந்ததாகப் புனே போலீஸ் வழக்குப் பதிந்தது. தளத்திடமிருந்து ஐ.பி. முகவரி வந்தது. அந்த முகவரியில் இருந்தவர் யார் என்று இணைய நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் ஒரு பெயரும் விலாசமும் தந்தது. பெங்களூரில் இருந்த ஓர் இளம் மென்பொருள் பொறியாளரை ஆகஸ்ட் இறுதியில் வீட்டிலிருந்து அழைத்துப்போனார்கள். அவர் 50 நாள் சிறையில் இருந்தார். பிறகுதான் தெரிந்தது, நிறுவனம் தந்தது தவறான ஆளின் விவரம். ஒரு வரியைத் தவறாகப் பொருத்தியதற்கு ஒரு மனிதன் கொடுத்த விலை அது.

நம் வீடுகளில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் அப்பாவின் பெயரில் இருக்கும். மகன், மருமகள், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், வைஃபை பாஸ்வேர்டு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அந்த ஒரே இணைப்பில். சர்வரில் விழும் வரி யாருடையதாக இருந்தாலும் கதவைத் தட்டுவது அப்பாவைத் தேடித்தான். அடையாளம் தவறாகப் போகும் வாய்ப்பு உள்ள தரவுக்குத்தான் சட்டத்தின் காவல் கூடுதலாக வேண்டும். திருத்தும் உரிமை, துல்லியத்துக்கான பொறுப்பு எல்லாம் ‘இது தனிநபர் தரவு’ என்று ஏற்றுக்கொண்டால்தான் வந்து சேரும்.

லாக் எழுதாமலே விட்டுவிடலாம் என்பதும் தீர்வாகாது. கன்னியாகுமரியிலிருந்து மாவட்ட எல்லையைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம். 2019 அக்டோபர் கடைசியில் அங்குள்ள அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். அடுத்த நாளே, அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைகளுக்கான இணைய வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தொற்று இருந்தது உண்மை, உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை, கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்துவிட்டது. நிபுணர்கள் அந்தத் தீநிரலை ‘டி-டிராக்’ என்று அடையாளம் கண்டார்கள். தொற்றிய கணினியின் உலாவி வரலாறு, ஐ.பி. முகவரிகள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல், விசைப்பலகையில் தட்டுபவை ஆகியவற்றைச் சேகரிப்பது டி-டிராக்கின் வேலை. ‘வெறும் தொழில்நுட்ப விவரம்’ என்று நாம் கடந்துபோகிறவற்றில் பலவும் ஊடுருவுகிறவனுக்கு வேண்டிய சரக்கு. அவன் எந்த வாசலில், எப்போது நுழைந்தான் என்று பின்னால் கண்டறியவும் லாக்தான் வேண்டும்.

குற்ற வழக்குகளிலும் அப்படியே. 2020இல் கன்னியாகுமரி மாவட்டத்தையே உலுக்கிய பாலியல் மிரட்டல் வழக்கை நாகர்கோவில்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சமூக ஊடகத்தில் பழகி, படமெடுத்து, மிரட்டிய ஆளுக்கு 2023 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. மின்னணுச் சான்றுகள் இல்லாமல் அப்படியொரு வழக்கை நிரூபிக்க முடியாது. ஆனால் அதே சான்றுகளுக்குள் பாதிக்கப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். குற்றவாளியைக் காட்டும் பதிவு அவர்களையும் காட்டும். யார் கையில், எத்தனை நாள், எந்தப் பூட்டுக்குள் என்ற கேள்விகளை அந்தப் பெண்களின் இடத்தில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் விதிகள் இந்தக் கேள்விகளை எப்படிக் கையாண்டிருக்கின்றன? 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளைப் பாருங்கள். வளைகுடாவில் இருக்கும் அண்ணனோடு பேசவும், தேர்வு முடிவு பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் பிரவுசிங் சென்டருக்குப் போன தலைமுறைக்கு இது நேரடியாகத் தெரியும். அடையாள அட்டை காட்ட வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. யார் எந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற வரலாற்றை உரிமையாளர் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கடைக்காரரின் கணினியில் ஊராரின் ஓராண்டு வாசிப்பு. அதை அவர் எப்படிப் பூட்டிவைக்க வேண்டும் என்பதில் விதி காட்டிய அக்கறை, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதில் காட்டியதைவிடக் குறைவு.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஒரு கட்டளை பிறப்பித்தது: எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கும் 180 நாள் இருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். போன்றவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துப்போய்விட்டன. அதற்கு மேல் ஒரு படி போயின 2025 விதிகள். தனிநபர் தரவு, அதனோடு சேர்ந்த போக்குவரத்துத் தரவு, கையாண்டதற்கான லாக் ஆகியவற்றைக் குறைந்தது ஓராண்டு வைத்திருந்து, அதன் பிறகே அழிக்க வேண்டும் என்கிறது எட்டாம் விதி. அரசு தேவையென்று கருதும் நோக்கங்களுக்காக.

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ஐரோப்பாவில் ஒரு பதிவைத் தனிநபர் தரவு என்று அறிவித்தால் அதன் ஆயுள் குறையும். தேவை முடிந்ததும் அழித்தாக வேண்டும். இங்கே அதே அறிவிப்பு அதன் ஆயுளைக் கூட்டுகிறது. சர்வரின் போக்கில் விட்டிருந்தால் பதினான்கு நாளில் தானாக அழிந்திருக்கும் அந்த மார்த்தாண்டத்துப் பெண்ணின் வரி, அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் ஒரு வருடம் உயிரோடு இருக்கும். அழிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது சட்டம். வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியது இருந்தால் இல்லை என்கிறது அதே வாக்கியம்.

வைத்திருக்கும் இடம் பத்திரமா? தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளமே 2024 மே மாதம் ஊடுருவப்பட்டது. காவல்துறைக்கே அந்த நிலை என்றால், மாதக் கட்டணத்துக்குப் பகிர்வு சர்வரில் ஓடும் ஒரு மருத்துவமனைத் தளம் என்ன பாடுபடும்? பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. பெரிய நிறுவனம் அதற்கு வக்கீலும் பாதுகாப்பு நிபுணரும் வைத்துக்கொள்ளும். செட்டிகுளத்திலோ வடசேரியிலோ ஒரு மாடியறையில் உட்கார்ந்து பல தளங்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்கு, தன் கையில் இருப்பது அவ்வளவு கனமான பொருள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சொல்லிக் கொடுக்க வேண்டியவை எளிமையானவை. மிக மோசமான கசிவு ஒன்று இப்படி நடக்கிறது: படிவத்தில் நிரப்பும் கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும் பக்க முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகும்படி தளத்தைக் கட்டிவிடுவார்கள். உலாவியின் மேல்பட்டையில் கேள்விக்குறிக்குப் பிறகு நீங்கள் தட்டிய எண் அப்படியே தெரிந்தால் அதுதான். அந்த முகவரி முழுசாக லாக்கில் விழும். அப்புறம் ‘லாக் தனிநபர் தரவா’ என்ற விவாதத்துக்கே இடமில்லை. எண் பச்சையாக அங்கே இருக்கிறது. படிவம் அனுப்பும் முறையை மாற்ற ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். பார்வையாளர் எண்ணிக்கை பார்ப்பதற்கு எடுக்கும் நகலில் ஐ.பி. முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிடலாம். பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் முழு லாக்கைத் தனியாகப் பூட்டி, அதைத் திறந்தவர் பெயரையும் பதிவு செய்யலாம். பள்ளித் தளமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு தடுக்கிறது.

இந்தச் சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பியச் சட்டத்தில், தளத்தைப் பாதுகாப்பது போன்ற ‘நியாயமான நலன்’ கருதித் தரவைக் கையாள இடமிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படியொரு பொதுவான வாசல் இல்லை. ஒன்று சம்மதம் வேண்டும், அல்லது ஏழாம் பிரிவு பட்டியலிடும் காரணங்களில் அடங்க வேண்டும். சும்மா பக்கத்தைத் திறந்து பார்ப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அப்படியானால் சாதாரண லாக் எந்தக் காரணத்தின் கீழ் நிற்கிறது? இதற்குத் தெளிவான விளக்கம் வராவிட்டால், ஒவ்வொரு தளமும் புரியாத ஆங்கிலத்தில் ஒரு சம்மதப் பெட்டியை முகத்தில் நீட்டும். எல்லாரும் வாசிக்காமல் ‘சரி’யை அழுத்துவார்கள்.

சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறச் சட்டமே இடம் தருகிறது. அதற்கு முன்பே, நம் மாவட்டத் தளங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் தங்கள் கொள்கைப் பக்கத்தில் மூன்று விவரங்களைப் போடலாம்: லாக் எத்தனை நாள் இருக்கும், யார் யார் அதைத் திறக்க முடியும், யாருடைய எழுத்தின் பேரில் வெளியே கொடுப்பீர்கள். ஒரு பக்கத் தமிழில் இதை எழுதிப் போடுவதற்கு 2027 மே வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.